கயிறு இழுக்கும் வெள்ளிக்கிழமை

“பிளக்கைக் காணோம்!”

அடித்தள பார்க்கிங்கில் சேதுராமன் போட்ட கூச்சலில், தூணோரம் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

மனைவி சந்திரகலா சூடத்தட்டோடு நின்றாள். வண்டியின் மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

“எந்தப் பிளக்கு?”

“ஸ்பார்க் பிளக்! நேத்து இந்தக் கையாலதான் திருகினேன்.”

“திருகினதா நினைச்சிருப்பீங்க.”

மெக்கானிக் கௌஸ் முகம்மது குனிந்து பார்த்தான். “துடைக்கக் கழட்டியிருப்பீங்க சார். மறுபடி மாட்ட மறந்துட்டீங்க போல.”

“நானா? என் ஸ்டோர்ல இருபத்தெட்டு வருஷமா ஒரு நட்டு குறைஞ்சதில்லய்யா!”

அது உண்மை. குவைத்துக்கு வந்த நாள் முதல் அவர் ஸ்டோர் கீப்பர். அப்பாசியாவில் வீடு, கம்பெனி பஸ், ஸ்டோர், மறுபடி பஸ், வீடு. பாலைவன நாட்டில் இருந்துகொண்டு மணலைப் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார். மாதக் கடைசியில் விசா கேன்சல், அதோடு ஊர். அதற்குள் ஒரே ஒரு தடவை மணல்மேட்டில் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு.

அந்த அரிப்புக்கு வழி காட்டியவர் அபு காலித் என்ற பழைய மேனேஜர். அவருடைய ஆட்டுக்கொட்டகையில் நாற்பது வருடத்துப் பழைய மணல் வண்டி ஒன்று கிடந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பூசணிக்காய் மாதிரி மூன்று டயர். சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. “எடுத்துக்கோ, கலாஸ்” என்று அரபியில் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டார்.

வண்டி வந்த அன்று சந்திரகலா ஆடித்தீர்த்தாள்.

“மேட்டுல திரும்பினா மூணு சக்கரம் கவிழாது? முதுகுல பெல்ட்டு, மூக்குல கண்ணாடி, இதுல சவாரி வேறயா?”

“நான் ஏறத்தான் போறேன் கலா.”

மறுநாளே அவள் மாறிவிட்டாள். வண்டிக்குக் கம்பளி போர்த்தினாள், டீ கொண்டுவந்தாள், நல்ல மெக்கானிக் வேண்டும் என்று கௌஸையும் அவளே பிடித்துவந்தாள். “நல்ல நேரம் பார்த்துத்தான் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். குளிச்சிட்டுத்தான் கிட்டப் போகணும்” என்பது மட்டும் அவள் சட்டம்.

முதல் வெள்ளி காணாமல் போனது பிளக். இரண்டாம் வெள்ளி பெட்ரோல் குழாயைக் காணவில்லை.

“நான்தான் எங்கேயாவது வச்சிட்டேனோ?” என்றார் சேதுராமன், குரல் இறங்கி.

“வயசாகுதுல்ல” என்றாள் அவள். அன்றிலிருந்து தினமும் தட்டில் வல்லாரைத் துவையல்.

அவர் நோட்டுப் போட்டார். ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர், தேதி, கையெழுத்து. வண்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். ஒரு சாவி தன் இடுப்பில், இன்னொன்று நம்பிக்கையான ஆள் வேண்டுமே என்று கௌஸிடம்.

மூன்றாம் வெள்ளி கார்புரேட்டரே இல்லை. நோட்டில் மட்டும் இருந்தது, அவருடைய கையெழுத்தோடு.

“மாட்டாமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்” என்று கௌஸ் வருத்தத்தோடு தலையாட்டினான்.

சேதுராமனுக்கு வியர்த்தது. அன்று சாப்பிட்டாரா இல்லையா என்பதையே இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். துவையல் இரண்டு உருண்டை ஆனது.

கௌஸ் எங்கெங்கோ அலைந்து வேறு கார்புரேட்டர் கொண்டுவந்தான். பார்த்தால் பழையதைப் போலவே இருந்தது.

நான்காம் வெள்ளிதான் கடைசி. செவ்வாய்க்கிழமை விமானம்.

ஐந்து மணிக்கே விழித்துவிட்டார். கூடத்தில் நடந்தார். பால்கனிக்குப் போனார். மூன்று டீ குடித்தார்.

“எத்தனை மணிக்கு?”

“காலண்டர்ல பன்னண்டே முக்கால். ரெண்டரை மணி கழிச்சா இங்க பத்தே கால். நீங்க ஒம்பதரைக்குக் குளிக்கப் போங்க.”

“காலண்டருக்குக் குவைத் தெரியுமா? ஏழு மணியில என்ன கெட்ட நேரம்?”

“பேசாம உட்காருங்க.”

உட்கார்ந்தார். கால் ஆடியது. கால் ஆடியதில் மேஜை ஆடியது, மேஜை மேல் டம்ளர் ஆடியது. ஒன்பது அடித்தபோது பல் தேய்த்த வாயோடு, குளிக்காமல், லுங்கியோடு லிஃப்டில் இறங்கிவிட்டார்.

பூட்டைத் திறந்தார். பிளக் இருந்தது. குழாய் இருந்தது. கார்புரேட்டர் இருந்தது. நம்ப முடியாமல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். சும்மா ஒரு தடவை என்று கயிற்றை இழுத்தார்.

டுப்.

இன்னொரு தடவை. டுப் டுப் டுப் டுப்!

கட்டடமே அதிர்ந்தது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார் சேதுராமன். தூணைச் சுற்றி ஒரு வட்டம். குழந்தை மாதிரிச் சிரித்தபடி இன்னொரு வட்டம்.

“கலா! ஓடுதுடி! எனக்கு ஒண்ணும் மறக்கலடி!”

மாவுக் கையோடு இறங்கி ஓடிவந்த சந்திரகலா, படிக்கட்டிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அதே நேரம் சரிவுப்பாதை வழியாக ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கௌஸ் முகம்மது வந்தான். புகையைப் பார்த்தான். சுற்றுகிற சாரைப் பார்த்தான். அவன் தோளிலிருந்து பை நழுவியது. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று, தொண்டை கிழியச் சந்திரகலாவைப் பார்த்துக் கத்தினான்:

“அக்கா, பத்தே காலுன்னுதானே சொன்னீங்க? நான் இன்னும் எதையுமே கழட்டலியே!”