லைட்ஹவுஸ் கதவைத் திறந்தால் மீன் மார்க்கெட்

மதிப்புக்கும் கொஞ்சம் மனத்தாங்கலுக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் மூக்குத் தோல் மட்டும் வெயிலில் உரிந்து, புதுசு வந்துகொண்டிருக்கிறது. அங்கே தாங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் எடிட்டிங் செய்த அந்தப் பழைய படம் எடுக்கப்பட்ட இடங்களையெல்லாம், கடலோரமாகக் கூடாரம் போட்டுத் தங்கி, குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்தோம். பயணம் மாபெரும் வெற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மருமகள் போன் செய்து வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும்.

எதற்காகப் போனோம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தில் உங்கள் தங்கை, அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாறை மேல் குடையோடு நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். அதைப் பார்க்கத் தெருவே டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பியது. பாறை வந்தது, கதாநாயகி வந்தாள், சம்பந்தமே இல்லாமல் ஒரு நாய் வந்தது, இவள் வரவில்லை. கத்திரி பிடித்தவர் கூடப் பிறந்த அண்ணன். "படம் நீளமாப் போச்சு" என்று நீங்கள் சொன்னீர்களே, அன்றைக்குத் திருப்பிய முகத்தை அவள் இன்னும் உங்கள் பக்கம் திருப்பவில்லை. எங்கள் கல்யாணத்துக்கே யாரோ மாதிரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். இப்போது அடுத்த மாதம் மகள் கல்யாணம். "மாமா வரலைன்னா நான் மேடை ஏறமாட்டேன்" என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். "வரட்டுமே, நான் உள் அறையிலேயே இருந்துக்கறேன்" என்கிறாள் அம்மாக்காரி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். யோசித்தேன். அதே பாறை, அதே குடை, அதே திரும்பல், எல்லாவற்றையும் நானே மறுபடி படம் பிடித்துக் கொடுத்துவிட்டால் கோபம் தீர்ந்துபோகும் அல்லவா? என் யோசனை எப்போது தப்பியிருக்கிறது?

வழி போட்டதும் நான்தான். டெப்போவில் ஆயுசு பூராவும் பஸ்ஸுக்கு நேரம் போட்டவனுக்கு வேறு எவன் வழி சொல்வது? படத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து மனப்பாடம் பண்ணிவிட்டேன். ஹீரோ லைட்ஹவுஸ் படியில் தடதடவென்று இறங்குகிறான், கதவைத் திறக்கிறான், மீன் மார்க்கெட். அந்தப் பக்கம் வெளியே வந்தால் பாலம். பாலம் தாண்டினால் பாறை. எல்லாம் கூப்பிடு தூரம். "அப்பா, போன்ல மேப் ஒரு தடவை பாத்துடலாமே" என்றாள் மகள். "ஹீரோ ஓடுறதைக் கண்ணாலயே பாத்தாச்சு, இதுக்கு மேல என்னடி மேப்பு?" என்று அடக்கிவிட்டேன். வேனை லைட்ஹவுஸ் அடியில் நிறுத்தி, கூடாரத்தை நான் தோளில் தூக்க, சாமான் பையை மகள் தூக்க, பானையை உங்கள் தங்கை இடுப்பில் வைக்க, உச்சி வரைக்கும் ஏறி, ஹீரோ மாதிரியே தடதடன்னு இறங்கிக் கதவைத் திறந்தா, மச்சான், ஒரு ஆடு நிக்குது. ஆட்டுக்குப் பின்னால மணல். மணலுக்குப் பின்னாலயும் மணல். காவலாளியக் கேட்டேன், மீன் மார்க்கெட் எந்தப் பக்கம்னு. "இப்பக் கிளம்புனா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம் சார்"ங்கறார்! மார்க்கெட்டுக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய்க் கேட்டா, பாலம் லைட்ஹவுஸுக்கு அந்தாண்டை, வந்த வழியே திரும்பணுமாம். நீங்க ஏசி அறையில உக்காந்து கத்திரியால ஒரு நறுக்கு, கொஞ்சம் பசை, வேலை முடிஞ்சுது. டீசல் போட்டு ஓட்டுனவன் நானில்லையா? ஊரையே இடம் மாத்தி ஒட்டும்போது, பின்னாடி ஒரு குடும்பம் பானையோட வரும்னு நினைச்சுப் பாத்தீங்களா?

ஆனா நான் அசரலை. மறுநாள் காலையில மறுபடி லைட்ஹவுஸ் பக்கமே வந்து, பாலத்தையும் தாண்டி, ஒரு பாறையைப் பாத்த மாத்திரத்துல சொல்லிட்டேன், இதுதான்னு. உங்க தங்கச்சி அதை மேலயும் கீழயுமா பாத்தா. உணர்ச்சிவசப்பட்டுட்டான்னு நினைச்சு, நான் கூடாரத்தை இறக்கப் போயிட்டேன். சமமா, ஈரமா, ஆணி நச்சுனு இறங்கற மாதிரி இடம் பாத்து மத்தியானமே கூடாரத்தை அடிச்சேன். மணல் ஏன் ஈரமா இருக்குன்னு மகள் கேட்டா. சுத்தமான மணல் அப்படித்தான் இருக்கும்னேன். சாப்பிட்டுக் கண்ணசந்தோம், கடல் நேரா உள்ளயே வந்துடுச்சு. பானை ஒரு பக்கம் போகுது, என் செருப்பு ஒரு பக்கம் போகுது, கூடாரத்தை நான் கட்டிப் புடிச்சிட்டு இடுப்பளவு தண்ணியில நிக்கறேன். அம்மாவும் பொண்ணும் கரையில நின்னு வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கறாங்க. சிரிப்பு வந்துட்டா பயணம் வெற்றிதானே? நீங்களே சொல்லுங்க.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். துணியெல்லாம் காஞ்சதும், "போய் நில்லு, நான் எடுக்கறேன்"னேன். "எனக்கெதுக்கு இந்த வயசுல இந்தக் கூத்து"ன்னா. சொல்லிக்கிட்டே வேனுக்குப் போய், சீட்டுக்கு அடியிலேருந்து ஒரு குடையை எடுத்தா பாருங்க. பூப்போட்ட புதுக் குடை, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கலை. யாருக்கும் தெரியாம வாங்கி வச்சிருந்திருக்கா. மச்சான், இத்தனை வருஷம் அவ மனசுல அந்தப் பாறை இருந்திருக்குன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. ஏறி நின்னா. திரும்பினா. என்னத்தைச் சொல்ல, அப்படி ஒரு திரும்பல். "சூப்பர், சூப்பர்"னு கத்திக்கிட்டே மொத்தத்தையும் போன்ல எடுத்துட்டேன்.

வேனில் ஏறினவள் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் பாக்கி இருக்கிறது என்று தெரிகிறது. அதைத் தீர்ப்பது இனி உங்கள் கையில்தான். நான் எடுத்தது அத்தனையும் உள்ள மெமரி கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதைப் படத்தில் சேர வேண்டிய இடத்தில் சேர்த்து, ஒரு நொடிகூட வெட்டாமல், கல்யாணத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் போட்டுக் காட்டுங்கள். அவள் தானாக வழிக்கு வருவாள், நான் பொறுப்பு. அக்காவுக்கு என் வணக்கங்கள், குழந்தைகளுக்கு ஆசிகள். தாங்கள் நீடூழி வாழ்ந்து, இனிமேலாவது ஊர்களை இருக்கிற இடத்திலேயே ஒட்டவேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புத் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதறேன். இவர் கவரை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கார். அது என் பாறை இல்லை. வேனை விட்டு இறங்கினதுமே தெரிஞ்சுது. ஆனா அவ்வளவு பெருமையா காட்டுற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? மெமரி கார்டை நான் எடுத்துட்டேன், கவருக்குள்ள தேடாதே. போன் கேமராவைத் தன் முகத்துப் பக்கமாத் திருப்பி வச்சு எடுத்திருக்கார். முழுக்க இவர் மூக்கும் வாயும்தான், "சூப்பர் சூப்பர்"னு. நான் ஒரு மூலையிலகூட இல்லை, குடைக் கம்பிகூட இல்லை. எதை வைக்கலாம், எதை வெட்டலாம்னு உக்காந்து பாத்தேன். அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. ஒண்ணுமே தேறலை, எல்லாத்தையும் வெட்டணும். அப்பதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துது. அண்ணா, அன்னிக்கு நான் அவ்வளவு மோசமாவா திரும்பினேன்? கடிதத்துல பதில் போடாதே. கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து, என் முகத்தைப் பாத்துச் சொல்லு.