சின்னவனுக்குக் கண் தெரிகிறது

“சார், சின்னவனுக்குக் கண்ணு தெரியுது!”

சோதனைப் பிரிவுப் பெண் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே ஓடிவந்து இப்படிக் கத்தியதும், கத்திரி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் நல்ல செய்தி என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருக்கோ தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

கத்திரி என்பது, கேமராக்களின் வசதிகளை வெட்டுகிறவர் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். அந்த கேமரா கம்பெனி மூன்று கேமராக்களை விற்கிறது. விலை குறைந்தவன் சின்னவன், விலை கூடியவன் மூத்தவன். நடுவில் ஒருவன் இருக்கிறான், பாவம், அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்று பேருக்கும் வயிற்றுக்குள் ஒரே பாகங்கள்தான். தனித்தனியாகச் செய்தால் செலவு எகிறும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்துவிட்டு, ஒரு பூட்டு புரோகிராமை ஏற்றிச் சின்னவனின் கையையும் வாயையும் கட்டிவிடுவார்கள். எதைக் கட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் நம்மவர் வேலை. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துத் துல்லியமாகப் படமெடுக்கும் வசதி மூத்தவனுக்கு மட்டும். சின்னவன் படமெடுப்பான், அதுவே அவனுக்குப் பெரிசு.

இந்த யோசனையே கத்திரியின் மூளையில் உதித்ததுதான். முதலாளியம்மா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

இன்றைக்குக் கீழே கூடத்தில் டீலர்களுக்குப் புது கேமராக்களைக் காட்டுகிறார்கள். நல்லபடியாக முடிந்தால் கத்திரிக்குத் துணைப் பொதுமேலாளர் பதவி என்று முதலாளியம்மா வாயாலேயே சொல்லியிருந்தார். பதவி, மரியாதை எதிலும் நம்மவருக்குப் பெரிய ஆசை இல்லை. அவருக்கு வேண்டியது குளிர். துணைப் பொதுமேலாளர்களின் அறைகள் எல்லாம் ஜில்லென்று இருக்கும். இவர் அறைச் சுவரிலும் ஒரு ஏசி தொங்கத்தான் தொங்குகிறது. அதிலிருந்து காற்று வரும், குளிர் மட்டும் வராது. புகார் செய்தால் நிர்வாகப் பிரிவிலிருந்து சாவி அக்கா வருவார். கட்டடத்துச் சாவி எல்லாம் அவர் இடுப்பில்தான். அண்ணாந்து பார்ப்பார், “மெஷின்ல ஒரு குறையும் இல்லையே சார்,” என்பார், சாவிக்கொத்து குலுங்கப் போய்விடுவார்.

காலையில்கூட மனைவி சொல்லி அனுப்பினாள்: “இந்தத் தடவையாவது அந்தப் பதவியை வாங்கிட்டு வாங்க. உங்க சட்டையில இருக்கிற வியர்வையைத் துவைச்சு என்னால மாளல.”

ஆக, சின்னவனுக்குக் கண் தெரிந்தது சாதாரண விஷயம் இல்லை.

“எப்படிம்மா தெரியும்? நான்தான் கட்டிட்டேனே!”

“பூட்டு புரோகிராம் ஏத்தாமலே கூடத்துக்கு அனுப்பிட்டாங்க சார். டீலருங்க வந்து டீ குடிச்சிட்டிருக்காங்க.”

“பயப்படாதே. வைஃபை எதுக்கு இருக்கு?”

கத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். கூடத்து மேஜையில் இருக்கும் கேமராக்களுக்குப் பூட்டை அனுப்பினார். இருவரும் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். அவள் சின்னவனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணைத் தேடும் பச்சைக் கட்டம் வரவே இல்லை.

“அப்பாடா!”

“சார்...” அவள் கையில் இப்போது மூத்தவன் இருந்தான். “இவனுக்கும் தெரியல.”

“இவனுக்கு ஏன்மா தெரியல?”

“உள்ளே எல்லாம் ஒண்ணுதானே சார். தான்தான் மூத்தவன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பூட்டு வந்துச்சு, போட்டுக்கிச்சு.”

கத்திரி தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி படியேறி ஓடினார், பூட்டைத் திறந்துவிட்டார், மறுபடி இறங்கி ஓடிவந்தார். மூத்தவனுக்குக் கண் தெரிந்தது. நடுவனுக்கும் தெரிந்தது. சின்னவனுக்கு முன்னைவிட நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தது.

“சின்னவனை மட்டும் தனியா கட்ட முடியாதா?”

“அதுக்குக் கேபிள் வேணும் சார். கேபிள் ஃபேக்டரியில இருக்கு.”

அதற்குள் மேடையில் முதலாளியம்மா மைக்கைப் பிடித்து வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். கத்திரி கையைப் பிசைந்தார். பிசைந்த வேகத்தில் ஒரு யோசனை வந்தது. அவருக்கு வரும் யோசனைகளில் அதுதான் வில்லங்கம், எல்லாம் அந்த நேரத்துக்குப் பிரமாதமாகத் தெரியும்.

“ஸ்கூட்டர் ஓட்டும்போது கறுப்புக் கண்ணாடி போடுவியே, இருக்கா?”

“பையில இருக்கு சார்.”

“போட்டுக்கோ. மேடையில நீதான் நிக்கப்போறே. சின்னவனைக் காட்டறப்ப கண்ணாடி போட்டுக்கோ, மூத்தவனைக் காட்டறப்ப கழட்டிடு. கண்ணே தெரியலைன்னா அவன் எதைப் பிடிப்பான்?”

“சார், நீங்க பெரிய ஆளு சார்!” என்றாள் அவள். நிஜமாகவே அசந்துபோய்த்தான் சொன்னாள்.

முதலாளியம்மா பேசி முடித்துக் கீழே போய் உட்கார்ந்ததும், அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையில் ஒய்யாரமாக நின்றாள். கத்திரி சின்னவனைத் தூக்கினார். கேமரா பார்ப்பது அப்படியே பக்கத்துப் பெரிய திரையில் தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. கட்டம் வரவில்லை. கத்திரிக்கு உச்சி குளிர்ந்தது. துணைப் பொதுமேலாளர் அறையின் ஜில்லென்ற காற்று முகத்தில் அடிப்பது போலவே இருந்தது.

“பாருங்க, சின்னவன் எளிமையானவன். ஆரம்பத்துல கத்துக்கறவங்களுக்கு—”

திரையில் பச்சைக் கட்டம் பளிச்சென்று தோன்றியது. அவள் தோளுக்கு மேலே, பின்சுவரில் மாட்டியிருந்த படத்தில், கம்பெனியை ஆரம்பித்தவரின் இடது கண்ணில் போய் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முதலாளியம்மாவின் மாமனார்.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கத்திரி பதறிப்போய் கேமராவை வலதுபக்கம் திருப்பினார். அங்கே முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார், கட்டம் அவர் கண்ணைப் பிடித்தது. இடதுபக்கம் திருப்பினார், முன்வரிசை டீலரின் கண்ணைப் பிடித்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு விழித்தார், விழித்த மாத்திரத்தில் அவர் கண்ணையும் பிடித்தது. கத்திரி சுற்றச் சுற்ற, சின்னவன் கூடத்தில் ஒரு கண் மிச்சமில்லாமல் பிடித்துத் தள்ளினான். இத்தனை அருமையாக ஒரு கேமரா வேலை செய்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

குட்டு உடைந்தது. முன்வரிசை டீலர் எழுந்தார். ஊரிலேயே பெரிய கடை அவருடையது.

“தம்பி, இந்த விலைக்கே இவன் கண்ணைப் பிடிக்கிறான். அப்புறம் மூத்தவனை நான் யார் தலையில கட்டறது?”

“அதானே!” என்று கூடமே கத்தியது. முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. சோதனைப் பிரிவுப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும் மறந்து சிலையாக நின்றாள்.

கத்திரியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதவி போச்சு, குளிர் போச்சு, வேலையும் போகப்போகிறது. ‘பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்?’ என்று மனசு அழுதது. ஆனால் வாய் மட்டும் அவரைக் கேட்காமல் பேசத் தொடங்கிவிட்டது.

“அண்ணே, உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. இதுதான் இந்த வருஷத்துப் புதுமையே!”

“என்ன புதுமை?”

“சின்னவன்ல எல்லாமே திறந்திருக்கும். கண்ணைப் பிடிப்பான், சத்தமில்லாம எடுப்பான், எல்லாம் செய்வான். ஒரு மாசத்துக்கு!”

“அதுக்கப்புறம்?”

“தானா பூட்டிக்குவான். அதுக்குள்ள உங்க வாடிக்கையாளருக்குப் பழகிப்போயிருக்கும். அனுபவிச்ச சுகத்தை யாராவது விடுவாங்களா? நேரா உங்க கடைக்கு ஓடிவந்து மூத்தவனைக் கேப்பாங்க. ஒரே ஆளுக்கு நீங்க ரெண்டு கேமரா விக்கறீங்க!”

பெரிய கடைக்காரர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மெதுவாகக் கைதட்டினார். அடுத்த நொடி கூடமே எழுந்து நின்று தட்டியது. பின்வரிசைக்காரர் விசில்கூட அடித்தார்.

முதலாளியம்மா மேடைக்கு ஓடிவந்து கத்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவர்தான் இனிமே நம்ம துணைப் பொதுமேலாளர்! இவர் சொன்ன முறையை இன்னியிலிருந்து கம்பெனியில எல்லாத்துக்கும் கொண்டுவரப் போறேன். எல்லாத்துக்கும்!”

கத்திரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது கறுப்புக் கண்ணாடிக்காரிதான்.

சாயங்காலத்துக்குள் அறைக் கதவில் புதுப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. அதே அறைதான். அதனால் என்ன, ஏசி மாட்டும் ஆட்கள் ஏணியோடு வருவார்கள் என்று கத்திரி மேஜையை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார். சாவி அக்கா மட்டும் ஒரு சின்ன ரிமோட்டோடு வந்தார்.

“புது மெஷின் எங்கக்கா?”

சாவி அக்கா சுவரில் தொங்கிய பழைய மெஷினைப் பார்த்து ரிமோட்டை நீட்டி ஏதோ நாலு பட்டனை அமுக்கினார். ஒரு சின்ன ‘கிளிக்’. அடுத்த கணம் ஜில்லென்று ஒரு காற்று இறங்கியது பாருங்கள், கத்திரி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அதன் கீழே போய் நின்றுவிட்டார். சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏய், வருது! குளிருது! பல்லு கிட்டுது! இனிமே சட்டையைத் துவைக்கவே வேண்டாம்!”

போனை வைத்துவிட்டுத்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“ஏன்க்கா, இத்தனை வருஷமா சரியாகாத மெஷின், நாலு பட்டன்ல எப்படிச் சரியாச்சு?”

சாவி அக்கா ரிமோட்டைக் கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அது கெட்டாத்தானே சார் சரியாகறதுக்கு! எல்லா ரூம்லயும் இதே மெஷின்தான், குளிரை மட்டும் பதவி பார்த்துப் பூட்டி வெப்போம், நீங்க கேமராவுக்குச் சொன்ன யோசனைதான். இப்போ அம்மா உங்களுக்குத் திறந்துவிடச் சொல்லிட்டாங்க... ஒரு மாசத்துக்கு.”