குறை இல்லாத கூடு

ஒரு காட்டில், காடு என்று இன்னமும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மரங்கள் மிச்சமிருந்த ஒரு காட்டில், குளத்தின் கரையில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதன் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் குடும்பம் குடும்பமாகக் கூடு கட்டி வாழ்ந்துவந்தன. அந்தக் குருவிகளில் ஒருத்தி நாச்சம்மா. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். காற்றடித்தால் ஓலை ஒடியுமோ என்று கவலை. அடிக்காவிட்டால் புழுக்கத்தில் யாருடைய முட்டையாவது கெட்டுவிடுமோ என்று கவலை. புருசன் இருந்தவரை அவரைப் பற்றிக் கவலைப்பட்டாள். ஒரு நாள் வல்லூறு அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, மொத்தக் கவலையையும் ஒரே மகன் மாரப்பன் மேல் இறக்கிவைத்தாள்.

தூக்கணாங்குருவிகளின் கல்யாணத்தில் மேளம் கிடையாது, மாலை கிடையாது. ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பக்கத்து ஓலையில் போய் உட்கார்ந்துகொள்வான். பெண் வந்து உள்ளே நுழைவாள். பின்னிய நாரை இழுத்துப் பார்ப்பாள். பிறகு குறை சொல்வாள். "காத்து வர்ற பக்கமா வாசல் வெச்சிருக்கே." "களிமண் போதாது, கூடு ஆடுது." குறையைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டால் கல்யாணம் ஆயிற்று. சொல்லிவிட்டுப் பறந்துவிட்டால் ஆகவில்லை. எப்படியானாலும் குறை உண்டு. மீதிக் கூட்டை முடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். யாரும் உட்காராத கூடுகளை மழைக்கு முன்னால் மரத்தார் கூடி அறுத்துவிடுவார்கள். நனைந்து கனத்தால் மற்ற ஓலைகளையும் சேர்த்து இழுக்கும் என்று காரணம் சொல்வார்கள்.

அந்த வருடம் மாரப்பனும் பாதிக் கூடு கட்டினான். பெண்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் மரியாதையாக, "இது உங்களுக்கு இல்லீங்க" என்று சொல்லி அனுப்பினான். பிறகு ஒரு காலையில் அக்கரைக் கருவேல மரத்திலிருந்து வேலுச்சாமி என்ற இன்னோர் ஆண் குருவி வாயில் நாரோடு வந்தான். கூட்டின் மறுபக்கத்தில் தொற்றிக்கொண்டு பின்ன ஆரம்பித்தான். உச்சிவெயில் வருவதற்குள் கூட்டுக்கு வாசல் வந்துவிட்டது.

"யாரு கண்ணு அது?" என்று நாச்சம்மா கேட்டாள்.

"வேலுச்சாமிம்மா."

"ஒத்தாசைக்கு வந்தானா?"

"இல்லம்மா. இருக்கறதுக்கு வந்திருக்கான்."

நாச்சம்மா தன் கூட்டுக்குத் திரும்பி, அதில் இருந்த நாரையெல்லாம் ஒருமுறை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஊர் என்ன சொல்லுமோ என்பதுதான் முதலில் வந்த கவலை. ஊர் சொல்லிச் சொல்லி, மகன் அக்கரைக் கருவேல மரத்துக்கே போய்விட்டால் என்ன செய்வது என்பது அதற்குப் பின்னால் வந்தது. முதல் கவலை அன்று சாயங்காலமே கரைந்துவிட்டது. இரண்டாவது போகவே இல்லை. பக்கத்து ஓலையில் மாரப்பனின் கூடு ஆடுகிற அசைவு தன் ஓலையில் தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கீழோலைப் பாவாயிதான் விசயத்தை முதலில் வாயில் எடுத்தவள். தன் குடும்பத்தைப் போல ஒழுங்கான குடும்பம் அந்தப் பனையில் இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

"ஏனக்கா, ரெண்டு பேருமே கட்டறாங்களே, அப்போ குறை சொல்றது யாரு?"

பனை முழுவதும் அந்தக் கேள்வி ஏறியது. ஒரு பாதி, "ஒருத்தர் கட்டணும், ஒருத்தர் குறை சொல்லணும், அதுதான் குடும்பம். குறை சொல்ல ஆளில்லாத கூடு கூடே இல்லை" என்றது. மறு பாதி, "கட்டுறது அவங்க இஷ்டம், குறை சொல்றதும் அவங்க இஷ்டம். மரத்துக்கு இதுல என்ன வேலை" என்றது. மேலோலையில் ஒரு கூட்டம், கீழோலையில் ஒரு கூட்டம். குளத்துத் தவளைகள் எந்தக் கூட்டம் பக்கத்தில் நடந்ததோ அதற்குக் கோஷம் போட்டன. மீன் பிடிக்க வந்த நீர்க்காகங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டதால் அந்த மாதம் குளத்தில் மீன் பெருகியது. விவாதத்தால் விளைந்த நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மாரப்பனையும் வேலுச்சாமியையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கூட்டுக்குள் களிமண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலோலையில் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் நாச்சம்மாவை முன்னால் உட்காரவைத்து, தாயாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து, "எல்லாரும் இப்படி ஓலை நுனியிலயே கூடி நிக்காதீங்க, ஒடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பலமாகக் கை தட்டினார்கள். ஓலை ஆடியது.

உண்மையில் அவளுடைய தொண்டையில் வேறொன்று அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டில் அவள் கண்ணுக்கு அத்தனை குறை தெரிந்தது. வாசல் சரியில்லை. முடிச்சு சரியில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பாவாயி பிடித்துக்கொள்வாள். "பெத்தவளே சொல்லிட்டா" என்று குளம் முழுக்கச் சொல்லுவாள். அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மகன் கூட்டுல ஒரு குறை இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குத் தீனி இறங்கவில்லை. வாழ்நாளில் இத்தனை காலம் குறை சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

மேகம் கூடத் தொடங்கியது. பாவாயியின் ஆட்கள், முதல் இடி இடித்ததும் மாரப்பனின் கூட்டை அறுத்துவிடப்போவதாக அறிவித்தார்கள். பெண் உட்காராத கூடு, வழக்கம் வழக்கம்தான் என்றார்கள்.

நாச்சம்மா ராஜாவைப் பார்க்கப் போனாள். ராஜா சிங்கம். நாவல் மரத்தடியில் படுத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ராஜா ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவள் நம்பினாள்.

"மகாராசா, என் மகன் கல்யாணத்தை அறுக்கப் பாக்கறாங்க."

"கல்யாணமா?" என்றது சிங்கம்.

"ஆமாங்க."

"குருவிகள் கல்யாணம் பண்ணிக்கொள்கிறீர்களா?"

"எப்பவுமே பண்ணிக்கறதுதானுங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கறதில்லீங்களே" என்றாள். சொல்லும்போதே ஒரு வார்த்தை அதிகமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிங்கம் எழுந்து உட்கார்ந்தது.

"மான்களும் அப்படித்தானா?"

"அவங்களும் தானுங்க."

"முயல்கள்?"

"அவங்க ரொம்பவேங்க."

தான் ஆண்ட இத்தனை வருடமும், தனக்குத் தெரியாமல் இந்தக் காடு முழுவதும் கல்யாணம் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது என்ற நினைப்பு சிங்கத்துக்கு வேதனையாக இருந்தது. பிறகு, குருவிக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று விசாரித்தது. நாச்சம்மா சொன்னாள். குறை சொல்வதைப் பற்றியும் சொன்னாள்.

அரசாணை வந்தது. கூடு ஆய்வாளராக நியமிக்கப்பட்டிருந்த குரங்கு அதைப் பனையடியில் நின்று வாசித்தது. கூட்டுக்குள் கை விட முடியும் என்பதே அந்தப் பதவிக்கு அதன் தகுதி.

"இனி யாரும் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளலாம்" என்று ஆணை தொடங்கியது. மேலோலைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். "ஆனால் முன்னோர் வழக்கப்படி குறை சொல்லப்பட வேண்டும்" என்றது அடுத்த வரி. கீழோலைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். "குறை ஆய்வாளர் முன்னிலையில் சொல்லப்பட வேண்டும். குறை இல்லாத கல்யாணம் செல்லாது. ஏற்கெனவே ஆன கல்யாணங்களுக்கும் இது பொருந்தும். செல்லாத கல்யாணத்தின் கூட்டை அரசே அறுக்கும்." இந்த இடத்தில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. தவளைகள் மட்டும் புரியாமல் தொடர்ந்துகொண்டிருந்தன.

பனையில் வரிசை நின்றது. தங்கள் குடும்பமே எல்லாருக்கும் முன்மாதிரி என்பதால் பாவாயி முதலில் நின்றாள்.

"உன் புருசன் கட்டின கூட்டில் என்ன குறை?" என்று ஆய்வாளர் கேட்டார்.

பாவாயி புருசனைப் பார்த்தாள். புருசன் குளத்தைப் பார்த்தார். அவர்கள் பேசிக்கொண்டே ரொம்ப காலம் ஆகியிருந்தது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று குறை சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா. "எங்க வீட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்குங்க" என்றாள், கௌரவமாக.

"குறை இல்லை. கல்யாணம் இல்லை" என்றது குரங்கு. கையை விட்டு ஒரு இழுப்பு. கூடு குளத்தில் விழுந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. "நடைமுறை" என்று விளக்கம் சொன்னது.

அடுத்து, புதிதாகக் கல்யாணமான ஒருத்தி புருசனை ஒட்டி நின்றுகொண்டு, "இவர்கிட்ட என்னங்க குறை இருக்கப்போகுது" என்று வெட்கப்பட்டாள். அந்தக் கூடும் குளத்தில் விழுந்தது. அதற்கடுத்து வந்தவர் ஆதரவுக் கூட்டத்தின் தலைவர். "குறை சொல்லாமல் இருப்பதும் எங்கள் உரிமை" என்றார். அவருடைய கூடு சற்று தள்ளி விழுந்தது.

அப்படியே மாரப்பனின் முறை வந்தது. நாச்சம்மா பக்கத்து ஓலையில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதில் குறை சொல்வது யார்?" என்றது குரங்கு.

"ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினதுங்க" என்றான் வேலுச்சாமி. "இவன் பின்னினதுல நான் என்னத்தைக் குறை சொல்ல?"

"அவன் போடற முடிச்சு எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்றான் மாரப்பன்.

குரங்கு கூட்டத்தைப் பார்த்தது. "இந்தக் கூட்டில் குறை கண்டவர்கள் வேறு யாராவது உண்டா?"

எல்லாரும் பாவாயியைப் பார்த்தார்கள். "ரெண்டும் ஆணுங்க" என்றாள் பாவாயி.

"அது ஆணைப்படி குறையில் சேராது. கூட்டில் என்ன?"

பாவாயி மாதக் கணக்கில் அந்தக் கூட்டைப் பற்றிப் பேசியிருக்கிறாள். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. கூட்டம் போட்டவர்களில் வேறு யாரும் பார்த்ததில்லை. மேலோலையும் பார்க்கவில்லை, கீழோலையும் பார்க்கவில்லை.

தூரத்தில் முதல் இடி இடித்தது. "குறை இல்லை" என்று சொல்லிக்கொண்டே குரங்கு முழங்கை வரை கையை உள்ளே விட்டது.

"வாசலைப் பாருங்க" என்றாள் நாச்சம்மா.

குரங்கு நிமிர்ந்தது.

"குளத்தைப் பாத்து யாராச்சும் வாசல் வெப்பாங்களா? சாரல் அடிச்சா நேரா உள்ளதான் வரும். சரி, அதைத்தான் விடுங்க, இந்த முடிச்சைப் பாருங்க. ஏப்பா வேலுச்சாமி, உங்க கருவேல மரத்துல இப்படித்தான் முடிச்சுப் போடுவாங்களா? இது கூடா, கோழி கெளறின வைக்கோலா? பிடிச்சிருக்காம் இவனுக்கு. பிடிச்சிருந்தா போதுமா, பிடிச்சு நிக்க வேணாமா? களிமண்ணை ஒரே பக்கமா அப்பி வெச்சிருக்கீங்களே, சாஞ்சு நிக்கறது ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்ணுக்குமா தெரியலை? உங்கப்பனும் இப்படித்தான் மாரப்பா, சாஞ்சுதான் கட்டுவாரு. நான் சொல்லாத நாள் கிடையாது. ஒரு நாளாச்சும் கேட்டாரா அந்த மனுசன்?"

குரங்கு கையை மெதுவாக வெளியே எடுத்தது. மழை தூற ஆரம்பித்தது. நாச்சம்மா நிறுத்தவில்லை. நாரின் நீளத்தைச் சொன்னாள், நாரின் நிறத்தைச் சொன்னாள், காலையில் எழுந்திருக்கிற நேரத்தைச் சொன்னாள். மகன் இளைத்துப்போனதைச் சொன்னாள். இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் வந்தது. தவளைகள் வாயடைத்துப்போயின.

"போதும்மா" என்றது குரங்கு.

"இன்னும் அடிப்பக்கம் சொல்லலீங்க."

"போதும். என் பணிக்காலத்தில் இவ்வளவு குறை உள்ள கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. செல்லும்."

சொல்லிவிட்டுக் குரங்கு மழைக்கு ஒதுங்க இடம் தேடிப் போனது. எல்லாரும் கலைந்தார்கள். நாச்சம்மா மட்டும் நனைந்துகொண்டு, அடிப்பக்கம் மண் இல்லாததை யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் வேலுச்சாமியின் தலை தெரிந்தது. இதுவரை அவன் அவளை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

"அத்தை, உள்ள வந்து சொல்லுங்க. நனையறீங்க."

நாச்சம்மா உள்ளே போனாள். சாரல் அவள் சொன்னபடியே நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. "பாத்தியா" என்றாள். பிறகு சிறகை உதறிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மழை விட்டதும், மாரப்பன் கூட்டு வாசலில் பாவாயி வந்து நின்றாள்.

"நாச்சம்மாக்கா, எங்க வீட்டுக்காரரு மறுபடி கட்ட ஆரம்பிச்சிருக்காரு. அந்த ஆய்வாளர் வர்றதுக்குள்ள ஒரு எட்டு வந்து, எனக்கு ரெண்டு வார்த்தை எடுத்துக் குடுங்களேன்."

"நான் என்னத்தைச் சொல்றது பாவாயி?"

"ஐய, உங்களுக்குத் தெரியாததா."

அவளுக்குப் பின்னால் மேலோலைத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புதுப் பெண். மேலோலை, கீழோலை என்ற பேதம் இல்லாமல் வரிசை ஓலைக் காம்பு வரைக்கும் போயிருந்தது. நாச்சம்மா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் இப்படி நுனியில நிக்காதீங்க" என்றாள். "ஒடிஞ்சிடும்."

நீதி: அடுத்தவர் கல்யாணத்தில் குறை சொல்லும் உரிமை ஊருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. அது மாமியாருக்கு மட்டுமே உரியது.