மாடி அறைக்கு ஒரு பட்டம்

காலையில் அலுவலகத்துக்கு வந்த வேர் சாருக்கு உட்கார இடமில்லை. மேசை இருந்த இடத்தில் நாலு கால் தடமும் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன. நாற்காலியையும் காணோம்.

"மேசை எங்கக்கா?"

பிழை திருத்தும் அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ரெண்டு ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. முதலாளி சொல்லித்தானாம்."

போன மாதம் படம் வரைபவரின் மேசை இப்படித்தான் போனது. மறுநாள் படம் வரைபவரும் போனார்.

அது ஓர் அகராதி அலுவலகம். ஆங்கிலச் சொற்கள் எந்த வேரிலிருந்து பிறந்தன என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வீட்டிலும் விடமாட்டார். மனைவி உப்பு டப்பாவை எடுத்தால் போதும், "சாலரிங்கற சொல்லே உப்புலேர்ந்து வந்ததுதான்" என்று ஆரம்பிப்பார். "உப்பு இருக்கு, சாலரியைக் கொண்டாங்க" என்பாள் அவள். இனி அவளுக்கு என்ன பதில் சொல்வது?

அப்போது முதலாளியின் ஓட்டுநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"சார், மேல புது ரூம் கதவுக்குப் பலகை வைக்கணுமாம். தலைவர் ரூம். கம்பீரமா ஒரு இங்கிலீஷ் பட்டம் நீங்களே பாத்து வைக்கணுமாம். சாயங்காலம் வந்துடுவோம்."

சொல்லிவிட்டு, அறைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதலாளியை அழைத்துவரக் கிளம்பிவிட்டார்.

அறை யாருக்கு என்று கேட்க வேர் சாருக்குத் தோன்றவே இல்லை. முதலாளியைத் தவிர மாடியேற வேறு யார் இருக்கிறார்கள்? பட்டம் அவர் மனம் குளிரும்படி அமைந்தால், போன மேசை திரும்பி வந்தாலும் வரும்.

பலகைக்காரர் எழுத்துப் பெட்டியோடு வந்து, பூட்டிய கதவின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சான்சலர்னு ஒட்டுங்க."

பதற்றத்தில் சொல்லின் கம்பீரமான ஓசையை மட்டும்தான் கவனித்திருந்தார். ஒட்டி முடித்ததும் வேர் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, எடுங்க எடுங்க! அந்தக் காலத்துக் கோர்ட்டுல கம்பித் தடுப்புகிட்ட நின்னு ஆளுங்களை உள்ள விடறவனுக்குத்தான் அந்தப் பேரு!"

படியருகே நின்ற காவலாளியின் முகம் மலர்ந்தது. "நம்ம ஆளா சார்? அப்படியே இருக்கட்டுமே."

அடுத்து மினிஸ்டர் ஏறியது. அதன் வேர் வேலைக்காரன். இறங்கியது. பிறகு லார்ட் ஏறியது.

"லார்டுன்னா பெரிய ஆளுதானே சார்?" என்றார் பலகைக்காரர்.

"இப்ப பெரிய ஆளுதான். ஆனா வேர்ல பாத்தா ரொட்டிக்குக் காவல் இருக்கறவன்."

முதலாளிக்குச் சர்க்கரை நோய். அவர் கைக்கு எட்டாமல் வீட்டில் ரொட்டியைப் பூட்டி வைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"என்னைக் கிண்டல் பண்றியான்னு கேப்பாரு. எடுங்க!"

உரிக்க உரிக்கப் பலகையின் வண்ணமும் கூடவே வந்தது. சத்தம் கேட்டு அலுவலகமே படியில் கூடிவிட்டது.

"பலகைக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு சார். இனிமே இரும்புப் பசைதான். ஒட்டினா ஒட்டினதுதான். எடுக்கணும்னா கதவைத்தான் கழட்டணும்."

அக்கா அவர் காதருகே குனிந்தாள். "இவ்வளவு பாடு எதுக்கு தம்பி? மேசையையே தூக்கின மனுசன் உங்களையா விட்டுவைக்கப் போறாரு?"

வேர் சாருக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"மார்ஷல்னு ஒட்டுங்க!"

"அதுக்கு என்ன சார் வேரு?" என்றார் காவலாளி.

"குதிரைக்காரன்! லாயத்துல புல்லுப் போட்டு, சாணி அள்றவன். அவருக்கு எங்க தெரியப்போகுது?"

படி முழுக்கச் சிரிப்பு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அந்த ரூம்ல இருக்கறவரைப் பாத்தாலே குதிரை மாதிரி கனைக்கத்தான் தோணும்."

பசை காய்வதற்குள் கோபம் வடிந்துவிட்டது. வேர் சார் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுத்து அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. முதலாளி.

"பலகை ஆச்சா?"

"ஆச்சுங்க ஐயா."

"பட்டம் பொருத்தமா இருக்கா?"

"பொருத்தம்... பொருத்தம்தாங்க ஐயா."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். அகராதியோட முதல் பக்கத்துலயும் அதைப் போட்டுடுவோம். வேர்க் குறிப்போட. அச்சகத்துக்குச் சொல்லிட்டேன்."

"கதவைக் கழட்டுங்க!" என்று வேர் சார் பலகைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். மேல் கீலின் திருகுகள் கழன்றபோது, ஓட்டுநர் சாவியோடு படியேறி வந்துவிட்டார்.

முதலாளி கீழே வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பூட்டைத் திறந்தார். கதவு ஒரு பக்கம் சாய்ந்தபடி திறந்தது. உள்ளே பெரிய ஜன்னல், புது மின்விசிறி. அதன் கீழே, மூலை உடைந்து, டீக் கறை படிந்த ஒரு பழைய மேசை.

"ஏன் சார் வெளியவே நிக்கறீங்க? காலையிலேயே உங்க மேசையை இங்க போட்டாச்சு. 'அகராதி வேலைக்கே தலைவராகப் போறவரு, அவருக்குப் புடிச்ச பட்டத்தை அவரே வெச்சுக்கட்டும்'னு முதலாளி பிரியமா சொன்னாரு."

படியில் யாரோ மெல்லக் கனைத்தார்கள்.