இல்லத்தரசியின் தோழன்

ஞாயிற்றுக்கிழமைக்குள் என் கம்ப்யூட்டரை ஓட வைக்கிறேன் என்று சபதம் எடுத்தேன். அதை மனைவி எதிரில் எடுத்ததுதான் தப்பு.

கம்ப்யூட்டர் என்றதும் திரை, மவுஸ் எல்லாம் தேடாதீர்கள். ஒரு பச்சைப் பலகை, இருபத்துநாலு பித்தான், ஆறு சிவப்பு எண்கள், பீப் என்று கத்த ஒரு குட்டி ஒலிப்பான். அவ்வளவுதான். 1986-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தபோது ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி நானே பற்றவைத்தது. அதன் நினைவாற்றல் ஒரு கிலோபைட். நீங்கள் தினமும் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாவில் ஓர் இதழ்கூட அதில் அடங்காது. ஆனாலும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஃபிட்டர் என்று எஸ்டேட் முழுக்க எனக்குப் பெயர்.

இப்போது காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் ஹால் ஜன்னலோர மேஜையில் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. இருட்டு மூலையில் கிடக்கும் தன் தையல் மெஷினைப் போட அந்த இடம் வேண்டுமாம் என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடுச்சின்னா அது பாட்டுக்கு அங்கியே கெடக்கட்டும்யா. ஓடலேன்னா பழைய இரும்புக்காரனாண்ட போட்ருவேன்" என்றாள்.

அந்தக் காலத்தில் புரோகிராமை மாத இதழில் எண்ணும் எழுத்துமாக அச்சடித்து விடுவார்கள். ஒருத்தர் படிக்க, ஒருத்தர் தட்ட வேண்டும். கரண்ட் போனால் பலகை எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே இதழ், அதில் ஒரே புரோகிராம். பெயர் 'இல்லத்தரசியின் தோழன்'. காலை ஐந்து மணிக்கு பீப் என்று கத்தி ஒன்று என்று காட்டும். ஒன்று என்றால் காபி. ஐந்தேகாலுக்கு இரண்டு, வாசல் தெளிப்பது. இப்படி ராத்திரி பாத்திரம் கவிழ்ப்பது வரை பதினாலு வேலை.

கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் அவள் படிப்பாள், நான் தட்டுவேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு எண்கள். ஒரு தடவைகூட ஓடவில்லை. எல்லாம் அச்சுப்பிழை என்று இதழாசிரியரைத் திட்டிப் பதினோரு கடிதம் எழுதினேன். கடைசியில் இதழே நின்றுபோனது. என் கடிதத்தால்தான் என்று கொஞ்ச நாள் பெருமையாகக்கூடத் திரிந்தேன்.

இந்த வாரமும் அவளே படித்தாள். "மூணு ஈ, டி மூணு, சி டி" என்று தேனாக ஒழுகியது குரல். மூன்று நாளில் மூன்று தடவை தட்டினேன். பலகை வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை எதிர் ஃப்ளாட் ஜெகன் வந்தான். ஐ.டி.யில் இருக்கிறான், திருநெல்வேலிப் பக்கம். இதழின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, நான் தட்டியதை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான்.

"அங்கிள், புக்ல ஒரு தப்பும் இல்ல. நீங்கதான் ஒன்பது இடத்துல மாத்திப் போட்டிருக்கீங்க."

காதில் விழுந்ததைத்தானே நான் தட்டினேன்? மெல்லத் திரும்பினேன். பஞ்சவர்ணம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ மாத்திப் படிச்சியா?"

"ஆமா."

"அப்பவும்?"

"அப்பவுந்தான். என்னை அஞ்சு மணிக்கு எயுப்புற மெஷினுக்கு நானே குந்திகினு நம்பர் படிக்கணுமா? பதினாலு வேலைல உனக்கு ஒண்ணாச்சும் கீதா?"

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆசிரியரை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. பாவம், எந்த ஊர்க்காரரோ. இனி இவளை நம்புவதில்லை என்று ஜெகனைப் படிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கடைசி எண்ணைத் தட்டினேன். சிவப்பு எண்கள் கடிகாரமாக ஓட ஆரம்பித்தன. சரியாக மாலை ஆறு மணிக்கு பீப் என்றது. பதினொன்று, விளக்கேற்றுவது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பஞ்சவர்ணம் மல்லுக்கு நிற்கவில்லை. ஜெயித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டாள். கரண்ட் போனாலும் மறக்கக்கூடாது என்று ஜெகன் வீட்டுப் பழைய யு.பி.எஸ்.ஸைக் கேட்டு வாங்கி மாட்டவும் செய்தாள். இப்படியொரு மனசா என்று நெகிழ்ந்துபோய்ப் படுத்தேன்.

விடிந்தால் ஞாயிறு. ஐந்து மணிக்கு பீப் என்றது. விலாவில் ஒரு விரல் குத்தியது.

"எய்ந்துரு. ஒண்ணாம் நம்பர்."

அது இல்லத்தரசிக்கு அடிக்கிற மணி என்று விளக்கினேன்.

"நான் பிளவுஸ் தெச்சி சம்பாரிக்கிறேன். ரிட்டயர் ஆயி ஊட்ல கீறது நீதான்."

எழுந்து போய் ஸ்விட்சில் கை வைத்தேன்.

"அணைச்சிக்கோ. அணைச்சா ஓடலேன்னு அர்த்தம். இரும்புக்காரன் ஒம்போது மணிக்கு வருவான்."

காபி போட்டேன். வாசல் தெளித்தேன். மற்ற பன்னிரண்டும் செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. அணைப்பானேன்? ஐந்து மணி இருக்கும் இடத்தில் எட்டைப் போட்டுவிட்டால் போதுமே. சந்தடி இல்லாமல் மேஜைக்குப் போய், அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பித்தானை அழுத்தினேன்.

பஞ்சவர்ணம் தைக்கிற துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த எடத்துல சைபர் அஞ்சுதான்யா. அறுநூத்திப் பன்னெண்டும் எனக்கு மனப்பாடம். திரும்ப அஞ்சே போட்டுட்டு, போயி டீ போடு."