ஒன்பது வருடமாக நகராத படகு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது கடைசியில்தான் வரும், ஒருவர் குனிந்து தன் சட்டைப்பையைப் பார்க்கும் இடத்தில். அதுவரை வாசகர்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நடுவில் சிரிப்பவர்களின் சிரிப்பு செல்லாது. மறுபடி முதல் வரியிலிருந்து வரிசை பிடிக்க வேண்டியிருக்கும். சிரிக்க வரும்போது அடையாள அட்டையின் நகலும், நீங்கள் அணிந்திருக்கும் சட்டையும் அவசியம். சட்டை எதற்கு என்று இங்கே கேட்காதீர்கள். அதற்குத் தனி கவுண்ட்டர்.

குணாளனை அழைக்கலாம். தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இயங்கும் ‘தீவு இயற்கை வண்ண ஒருங்கிணைப்புப் பிரிவு’க்கு அவர் இடைக்காலத் தலைவர். அந்த இடைக்காலம் ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. அறைக் கதவில் பெயருக்கு முன்னால் அந்த ஒற்றைச் சொல் பித்தளையில் பளபளத்தது. வருடக் கடைசியில் ஓய்வு. அதற்குள் அந்தச் சொல்லைக் கழற்றிவிட வேண்டும் என்பதே குணாளன் இந்த உலகத்திடம் கேட்ட ஒரே வரம். அவர் மனைவி பிரமிளாவும் விடவில்லை. “ரிட்டையர் ஆகுறதுக்குள்ள அத எடுப்பாங்களா? இல்ல, பென்ஷனும் இடைக்காலமாத்தான் வருமா?”

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து இறங்கியது.

‘தீவுக் கோடைக்காலத்தை முன்னிட்டு, அனைத்து ஊழியர்களும் சுற்றுப்புற இயற்கையின் நிறங்களிலிருந்து ஊக்கம் பெற்ற ஆடைகளை அணிதல் வேண்டும். ஊக்கம் பெறாதவர்கள் மூன்று நாள்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளித்தல் வேண்டும். தொடக்க விழாவில் தலைமை இயக்குநர் டத்தோ மோகனராஜ் நேரில் கலந்துகொள்வார்.’

டத்தோ நேரில்! இடைக்காலத்தைக் கழற்றும் பேனா டத்தோவின் சட்டைப்பையில்தான் இருந்தது. குணாளன் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். அவசரக் கூட்டம் என்பதால் பதினோரு நாளிலேயே கூடிவிட்டது.

“சார்,” என்று குமாஸ்தா இம்ரான் கையைத் தூக்கினான். “நம்ம ஊர்ல கோடை எப்ப சார்? வருஷம் பூரா சூடாத்தானே இருக்கு?”

“சுற்றறிக்கையில் கோடை என்று இருக்கிறது. ஆகவே கோடை இருக்கிறது.”

“சரி சார், எப்ப ஆரம்பம்னு போடட்டும்?”

குணாளன் நாட்காட்டியைப் பார்த்தார். “திங்கள் பொது விடுமுறை. செவ்வாய்க் காலை எனக்குப் பல் டாக்டர். செவ்வாய், மதிய உணவுக்குப் பிறகு கோடை தொடங்குகிறது.”

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

“சார், மழை லா...”

“கோடை மழை. பதிவு செய்.”

அடுத்தது சட்டை. நாற்பத்திரண்டு ஊழியர்களுக்கும் சட்டை தைக்கும் வேலை லிட்டில் இந்தியாவில் தையல்கடை வைத்திருக்கும் அஃப்ரீனுக்குப் போனது. அஃப்ரீனுக்கு இருபத்தாறு வயது. ஊசியில் நூல் கோப்பதற்குள் உங்களை மாதிரியே பேசிக் காட்டிவிடுவாள். முதல் நாள் குணாளன் அறைக்குள் நுழையும்போது கையில் ஒரு சின்னப் போத்தலும் ஒரு துண்டுத் துணியும் வைத்திருந்தாள்.

“சார், இது இப்பத்தான் கீழ கடல்லேருந்து மொண்டுட்டு வந்த தண்ணி. இது அதுக்குப் பொருத்தமான துணி. பச்சையும் நீலமும் கலந்து, எப்பிடி இருக்கு பாருங்க!”

குணாளன் துணியை வாங்கிச் சன்னலருகே போய், தூரத்தில் தெரிந்த கடலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். தலையை ஆட்டினார்.

“பொருந்தவில்லை.”

மறுநாள் அவள் சாலையோர அங்சானா மரத்தடியில் கொட்டிக் கிடந்த மஞ்சள் பூவையும் மஞ்சள் துணியையும் கொண்டுவந்தாள். குணாளன் சன்னல் வழியே அதே மரத்தைப் பார்த்தார். “மஞ்சளா? அந்த மரம் காப்பி நிறத்தில் பூக்கிறது அம்மா. இது எந்த ஊர்ப் பூ?” மூன்றாம் நாள் தீவின் மறுபக்கம் பாலேக் பூலாவில் விளையும் ஜாதிக்காயைக் கொண்டுவந்தாள். அது சன்னலிலிருந்து தெரியாத காய் என்பதால் விண்ணப்பமே ஏற்கப்படவில்லை.

“சார், ஒரு நிமிஷம் கீழ எறங்கி வந்து பாத்தீங்கன்னா...”

“வெளியே வெயில்.”

“கோடைன்னா வெயில் இருக்கும்தானே சார்?”

“கோடைக்குப் பொறுப்பான அதிகாரி வெயிலில் நிற்கக் கூடாது. பாயான் பாருவில் வீட்டு வாசலில் காரில் ஏறுகிறேன், இங்கே அடித்தளத்தில் இறங்குகிறேன், லிஃப்ட்டில் மேலே வருகிறேன். ஒன்பது வருடமாகக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இயற்கையை இந்தச் சன்னல் வழியாகக் கண் கொட்டாமல் கவனித்து வருகிறேன். இயற்கையைப் பற்றி எனக்கா சொல்கிறாய்?”

அஃப்ரீன் அப்போதுதான் சன்னலை ஒழுங்காகப் பார்த்தாள். வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம். வெயில் தின்று தின்று அது ஊதாவாகிப் போயிருந்தது. ஓரங்கள் பிய்ந்திருந்தன. உள்ளே காற்றுப் புகுந்து, சின்னதும் பெரிதுமாய்க் கொப்புளங்கள். ஒரு விரலால் கொப்புளத்தை அமுக்கினாள். அது பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தது.

“சார், இது...”

“நுரை,” என்றார் குணாளன் பெருமையாக. “கடல் நுரை. வேறு ஊர்களில் அலைக்கு அலை நுரை மாறும். நம் தீவின் நுரை ஒழுக்கமானது. வைத்த இடத்தில் நிற்கும்.”

“அந்தா, அந்த ஓரத்துல? கறுப்பா, நுனியில வெள்ளையா?”

குணாளனின் குரல் குழைந்தது. “அது படகு. பாய்மரம் வெள்ளை. நான் இந்த அறைக்கு வந்த முதல் வாரத்திலிருந்து அங்கேயே நிற்கிறது. எத்தனை புயல், எத்தனை மழை! அசையவில்லை. எனக்குக் கஷ்டம் வரும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். அதுவும் என்னைப் போலத்தான். காத்திருக்கிறது.”

சன்னலுக்கு மேலே ட்யூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி உச்சுக் கொட்டியது.

அஃப்ரீன் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் நல்ல பிள்ளை, ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “இத ஒருவாட்டி தொடச்சுப் பாத்தீங்களா சார்?”

“துடைப்பதா?” குணாளன் திகைத்தார். “கடலையா?”

அதற்குமேல் சொல்ல அவளுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டாள். “அப்ப இந்தச் சன்னல்ல தெரியுற மாதிரியே தச்சுக் குடுத்துர்றேன் சார். கலரு, நுரை, பையில படகு, எல்லாம் அப்பிடியே. எழுத்துல குடுத்திருங்க. கையெழுத்தும் சாப்பாவும் வச்சு.”

“இதல்லவா தொழில் பக்தி!” என்று குணாளன் மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டு, முத்திரைச் சாப்பா குத்தினார்.

அன்று மாலை மீரா சாகிப்பின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் அஃப்ரீன், “துடைப்பதா? கடலையா?” என்று அச்சு அசல் குணாளன் குரலில் கேட்க, பக்கத்து மேசையில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீரை மூக்கு வழியாக விட்டார். நீங்கள் சிரிக்கக் கூடாது. உங்கள் எண் இன்னும் வரவில்லை.

சட்டைகள் வந்தன. கத்தரிக்காய்த் தோலைப் புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். மேலெல்லாம் அசையாத வட்டங்கள். நெஞ்சுப் பையில் கறுப்பு நூலிலும் வெள்ளை நூலிலும் ஒரு படகு. குணாளன் சட்டையைச் சன்னலுக்குப் பக்கத்தில் பிடித்தார். கடலுக்கும் சட்டைக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

தொடக்க விழா கடற்கரைத் திடலில். நாற்பத்திரண்டு பேரும் கடலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பின்னால் கடல் பச்சையும் நீலமுமாய்ப் பளபளத்தது. முன்னால் இவர்கள்.

“என்னா லா இது?” என்று கூட்டத்தில் ஒரு அக்கா மூக்கைச் சுளித்தார். “எறா பெலாச்சான் விக்கிற கம்பெனியா?”

டத்தோ மோகனராஜ் சட்டையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். “குணாளன், இது எந்த இயற்கை?”

குணாளன் திரும்பிக் கடலைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. ஆனால் அனுபவம் கைவிடவில்லை. “டத்தோ, இங்கே வெளிச்சம் அதிகம். கடல் சரியாகத் தெரியவில்லை. என் அறைக்கு வாருங்கள்.”

ஐந்தாம் மாடி. சன்னல். டத்தோ ஒரு கண்ணை மூடினார். சட்டை. கடல். நுரை. படகு.

“அற்புதம்!” என்றார் டத்தோ. “இதே கடல்தான்! கோலாலம்பூரில் என் அறைச் சன்னலிலும் இதே கடல்தான் தெரிகிறது!”

கோலாலம்பூரில் கடல் கிடையாது என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அறிவார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“ஆனால் டத்தோ,” என்று இம்ரான் இழுத்தான், “கீழ பார்த்தா கடல் வேற மாதிரி...”

“வெறுங்கண்ணால் பார்ப்பது பழக்கமில்லாதவர்கள் செய்யும் தவறு,” என்றார் டத்தோ. பேனாவை எடுத்தார். அங்கேயே, அந்தச் சன்னல் கட்டையில் வைத்தே, கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஒருவன் திருப்புளியோடு வந்து, கதவிலிருந்த ‘இடைக்கால’த்தைக் கழற்றினான். அந்த இடத்தில் மட்டும் மரம் புதிதாகத் தெரிந்தது. குணாளன் அதை மூன்று முறை தடவிப் பார்த்தார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ‘இந்தக் கோடையின் நிறம்: சன்னலோரக் கடல்’ என்று கைப்பேசியெல்லாம் அலறியது. ஒரு ஃபேஷன் பிரபலம் அதைப் போட்டுக்கொண்டு ஃபெர்ரியில் சாய்ந்து நின்று, “இயற்கை என் தோலோடு பேசுது, யூ நோ,” என்றார். செபராங் ஜெயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது சட்டை மொத்தமாக வாங்கினார்கள். ஜுருவில் கார் விற்கிறவர்கள் சீட்டு உறைக்கே அந்தத் துணியைப் போட்டார்கள். அஃப்ரீன் நான்கு புது மெஷின் வாங்கினாள். தினமும் கடலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் மீரா சாகிப் கூட ஒன்று மாட்டிக்கொண்டார். “கலரு ஒத்து வரலியே பாய்?” என்று சாப்பிட வந்த ஒருவன் கேட்டதற்கு, “கடலு கொஞ்ச நாளா சரியில்ல தம்பி,” என்றார்.

டத்தோ அடுத்த ஆணை போட்டார்: பள்ளிகளிலும் இனி இந்தச் சட்டையே சீருடை; காலை ஒன்றுகூடலில் வலது கையைப் பையிலுள்ள படகின் மேல் வைத்து, ‘அசையாமல் நிற்பேன், தீவுக்காக நிற்பேன்’ என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுத்தார்கள்.

இரண்டாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை, குணாளன் அறைக்கு இரண்டு பேர் கத்தியும் வாளியும் ஏணியுமாக வந்தார்கள்.

“என்ன வேலை?”

“ஃபிலிம் மாத்தணும் சார்,” என்றார் பெரியவர் ராமதாஸ். “நிரந்தரத் தலைவர் அறைக்குப் புது ஃபிலிம் உண்டுன்னு ரூல்ஸ் இருக்காம். இடைக்காலத்துக்குக் கெடையாதாம். அதான் ஒம்பது வருஷமா யாரும் வரல.”

உரிமை என்று வந்தபின் மறுப்பதா? குணாளன் தலையசைத்து, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ராமதாஸ் மூலையில் நகத்தை விட்டு ஃபிலிமைப் பிடித்து இழுத்தார். சர்ர்ரென்று உரிந்தது.

அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. கடல் பச்சையும் நீலமுமாக இருந்தது, அஃப்ரீன் முதல் நாள் கொண்டுவந்த துணியைப் போல. அங்சானா மரம் மஞ்சளாகப் பூத்திருந்தது. நுரை அலைக்கு அலை மாறிக்கொண்டிருந்தது.

“படகு...” என்றார் குணாளன். “என் படகு எங்கே?”

“என்னா படகு சார்?”

“அந்த மூலையில். வெள்ளைப் பாய்மரம். ஒன்பது வருடமாக...”

ராமதாஸ் சுருட்டிய ஃபிலிமைப் பிரித்துப் பார்த்தார். விரல் நகத்தால் சுரண்டினார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு உதிர்ந்து மேசைமேல், நிரந்தரத் தலைவரின் கோப்பின்மேல் விழுந்தது.

“இதையா சொல்றீங்க?” என்றார் ராமதாஸ். “பல்லிப் பீ சார். காஞ்சு கெட்டியாயிருச்சு.”

குணாளன் குனிந்து தன் சட்டைப்பையைப் பார்த்தார்.

சன்னலுக்குக் கீழே, தெரு முழுக்க அந்தச் சட்டைதான். பக்கத்துப் பள்ளித் திடலில் எண்ணூறு பிள்ளைகளும் ஆசிரியர்களும் வலது கையை நெஞ்சுப் பையில் வைத்துக் குரலெடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “அசையாமல் நிற்பேன்! தீவுக்காக நிற்பேன்!” அதைக் கேட்டதும், தினமும் கூடவே செய்த பழக்கத்தில், குணாளனின் வலது கையும் தானாகவே எழுந்து பையின்மேல் உட்கார்ந்தது.

அவர் அதை மெதுவாக எடுத்தார். விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

உங்கள் எண் வந்துவிட்டது. சிரிக்கலாம். முதலில் சட்டையைக் காட்டுங்கள்.