மிதந்து போன வரிசை

மாரியம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புவனேந்திரன், சனிக்கிழமை காலை மலாக்கா டவுன் பொம்மைக் கடைக்குப் போனபோது வாசல் வரிசையில் ஒரு மனிதரும் இல்லை. நாற்பது ஜோடி செருப்புகள் வரிசையாக நின்றன.

அன்று விற்பனைக்கு வருவது விரல் உயர வெள்ளைச் சருகுமான் பொம்மை. வருஷத்துக்கு நாற்பதே நாற்பது. அவன் மனைவி பவானேஸ்வரியின் கண்ணாடி அலமாரியில் எல்லா நிறத்து மான்களும் உண்டு. வெள்ளைக்கு மட்டும் மூன்று வருஷமாக இடம் காலி. ஒவ்வொரு முறையும் மொத்தமாக அள்ளி இரட்டை விலைக்கு விற்பவர்கள் அவளை முந்திக்கொண்டார்கள். அன்று பத்து பெரண்டாம் என்கிற ஊரில் இருக்கும் தன் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது அவள் சொல்லிவிட்டுப் போனாள்:

"அள்ளி விக்கிறவங்க கை பட்ட மான் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. வரிசையில நின்னு வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நாளையிலேருந்து வெளியிலயே சாப்பிட்டுக்குங்க."

செருப்புகள் அத்தனையும், மொத்தமாக அள்ளி விற்கும் கணேஸ்வரனுடையவை. அவன் எதிர்க்கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தான். இது என்ன நியாயம் என்று புவனேந்திரன் கடைக் காவலாளி மாயாண்டியிடம் முறையிட்டான். அவர் செருப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எஸ்டேட் பைப்படியில தண்ணித் தகரம் வச்சா ஆளு நிக்கிறதா கணக்கு. இங்க சிலிப்பர் லா. நீயும் கழட்டி வை தம்பி."

நாற்பத்தொன்றாவதாகத் தன் தேய்ந்த செருப்பை வைத்தான். பிறகு, வழியை அடைக்கிறதே, ஓரமாகத் தள்ளக் கூடாதா என்று கேட்டான். தள்ளும்போது வரிசை குழம்பும் என்று நினைப்பு. மாயாண்டி ஒரு ஜோடி மாறாமல் எல்லாவற்றையும் லோங்கான் என்கிற சாக்கடைக் கால்வாயின் விளிம்பில் அடுக்கினார்.

மழை பிடித்தது.

லோங்கான் நிறைந்து தண்ணீர் மேலேறியது. செருப்புகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தண்ணீரில் இறங்கின. ஜோடி பிரியவில்லை, முறை தவறவில்லை. புவனேந்திரன் தன்னுடையதை எட்டிப் பிடிக்கக் குனிந்தான்.

"தொட்டா வரிசையை விட்டுப் போயிட்டன்னு அர்த்தம்," என்றான் கணேஸ்வரன், குடைக்குள்ளிருந்து.

ஆகவே தொடவில்லை, கூடவே நடந்தார்கள். வரிசை எங்கேயோ கடை அங்கே என்று கடைக்காரப் பெண் புனிதாவும் பொம்மைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். லோங்கான் ஆற்றில் சேர்ந்தது, ஆறு கடலில் சேர்ந்தது. மழை வெளுத்து வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிட்டன. நடுவில் நாற்பத்தொரு ஜோடி செருப்புகள், கண்ணுக்குத் தெரியாத யாரோ போட்டுக்கொண்டு நடப்பதுபோல், மெதுவாகத் தெற்கே போயின. பேசினால் அவை நின்றுவிடும் என்று எல்லாருக்கும் தோன்றியது.

உம்பாய் வந்தபோது கடலேற்றம் தொடங்கியது. மீன்கடைகளுக்குப் பின்னால் அலை திரும்பியது; வரிசையும் அப்படியே திரும்பியது. கடைசியாக வந்த தேய்ந்த செருப்பு முதலில் கரையேறி புனிதாவின் காலடியில் நின்றது.

"முதல் ஆளு யாரு?" என்றாள் புனிதா.

இவ்வளவையும் புவனேந்திரன் சாயங்காலம் வெள்ளை மானை நீட்டியபடி மனைவியிடம் சொன்னான். பவானேஸ்வரிக்குக் கண் கலங்கியது. மானை அதன் இடத்தில் வைத்தாள். உம்பாய் வரை வெறுங்காலோடு நடந்த கால்களுக்கு வெந்நீர் போட்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு ஷாமினி ஒரு காலி அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், காலையில எங்கிட்ட மான் வாங்குனப்ப பெட்டியை விட்டுட்டுப் போயிட்டீங்க. மீதி முப்பத்தொன்பது வெள்ளையும் எங்கிட்டதான் இருக்கு, யாராவது கேட்டா சொல்லுங்க."